கானாடுகாத்தானில் படியேறும் முன்

செட்டிநாட்டு வீடுகளைப் பார்க்கப் போகிறவர்கள் படியேறி உள்ளே போக அவசரப்படுகிறார்கள். வாசல் நிலைக்கு வெளியே சற்று நின்றுவிட்டுப் போவது நல்லது. முன்வாசல் ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். முகப்பு, வளவு (முற்றத்தைச் சுற்றி அறைகள் உள்ள உள்பகுதி), இரண்டாங்கட்டு, அடுப்படி என ஒன்றன்பின் ஒன்றாகக் கட்டுகள். கதவுகள் பெரும்பாலும் ஒரே நேர்கோட்டில். எல்லாம் திறந்திருந்தால் முன்நிலையிலிருந்தே கடைசிக் கதவு வரை கண் போகும். நடுவே வானம் பார்த்த முற்றங்கள் இருப்பதால் இருட்டும் வெளிச்சமும் மாறிமாறி விழும். உள்ளே போய்விட்டால் இந்த நீளம் பிடிபடாது.

வெளியாட்கள் வந்து உட்காரக் கட்டியதுதான் திண்ணை. வணிகப் பேச்சும் கணக்கு வழக்கும் முகப்போடு முடிந்துவிடும், வளவு குடும்பத்துக்கு. அந்த எல்லைக்கு இன்றும் மதிப்புண்டு.

கானாடுகாத்தான் காரைக்குடியிலிருந்து திருச்சி சாலையில் ஏறத்தாழ 15 கிலோமீட்டர். செட்டிநாடு ரயில் நிலையம் ஊரை ஒட்டியே இருந்தாலும் நிற்கும் வண்டிகள் குறைவு. பேருந்தோ ஆட்டோவோ மேல். ஊரிலுள்ள செட்டிநாடு அரண்மனையை வெளியிலிருந்து பார்ப்பதோடு சரி. மற்ற வீடுகளிலும் பல பூட்டியே கிடக்கும்: பங்காளிகள் ஊர் ஊராகப் பிரிந்திருக்கிறார்கள், கல்யாணம், சாந்தி (அறுபதாம் கல்யாணம்) என்றால்தான் திறப்பார்கள். திறந்திருக்கும் வீட்டில் காவலாளியிடம் கேளுங்கள். சிலர் கட்டணம் வாங்குவார்கள், சிலர் கைநீட்டினால் ஏதாவது கொடுக்க வேண்டியிருக்கும்; சில்லறையாக வைத்துக்கொள்ளுங்கள். மதியச் சாப்பாட்டு வேளையில் போனால் ஆளே கிடைக்காது. செருப்பைப் படிக்குக் கீழே விட வேண்டும். உச்சிவெயிலில் முற்றத்துத் தரை காலைச் சுடும், காலுறை உதவும். சாமி அறையைப் படமெடுக்க வேண்டாம்.

நிலையில் நின்று படமெடுத்தால் பெரும்பாலும் முற்றம் வெள்ளையாக வெளிறிவிடும். செல்பேசி இருட்டான நடைவழிக்கு ஏற்ப ஒளியை அளப்பதுதான் காரணம். திரையில் முற்றத்தைத் தொட்டால் படம் இருளும்; அங்கிருந்து வெளிச்சத்தைக் கொஞ்சம் கூட்டுங்கள். நண்பகலில் முற்றத்தில் வெயில் நேராக இறங்குவதால் என்ன செய்தாலும் சரிவராது. காலை ஒன்பதரைக்குள், இல்லாவிட்டால் நாலு மணிக்கு மேல். வீடுகள் கிழக்கு மேற்காக அமைந்தவை. கிழக்கு வாசலுக்குக் காலை, மேற்கு வாசலுக்கு மாலை.

நிலையின் தேக்கு வேலைப்பாட்டுக்குத் தனியாக நேரம் ஒதுக்குங்கள். மேலே கஜலட்சுமி இருக்கும் நிலைகள் பல. தேக்கு பர்மாவிலிருந்து கப்பலில் வந்தது. இதே மாதிரி நிலைகள் பெயர்க்கப்பட்டு, காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் விலைக்கு நிற்கின்றன. வாங்கினால் லாரி வாடகையையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.