புத்தகத்தில் செருகிய அட்டை

பிரான்சில் உள்ள லியோன் நகருக்கு வந்த முதல் மாதம், 'லிப்ரெரி' என்று பலகை மாட்டிய ஒரு கடைக்குள் நூலகம் என்று நினைத்து நுழைந்தேன். உறுப்பினராகச் சேர என்ன செய்ய வேண்டும் என்று கேட்டேன். நூலகத்துக்கு இங்கே 'பிப்லியோதெக்' என்று பெயர், இது புத்தகக் கடை, ஆனாலும் வேண்டிய மட்டும் நின்று படிக்கலாம் என்று கல்லாவில் இருந்த பெண்மணி நிறுத்தி நிதானமாகச் சொன்னார். வந்த நாளிலிருந்து அவ்வளவு பொறுமையாக என்னிடம் யாரும் பேசியதில்லை. அடுத்த சனிக்கிழமை மகளையும் கூட்டிக்கொண்டு போனேன்.

அங்கே பல புத்தகங்களின் மேல் ஒரு சின்ன அட்டை நீட்டிக்கொண்டிருக்கும். கடையில் வேலை செய்பவர்கள் தங்களுக்குப் பிடித்த புத்தகத்துக்குக் கைப்பட எழுதி வைக்கும் பரிந்துரை அது. 'கூ த கேர்' என்பார்கள். மனசைப் பறிகொடுத்தேன் என்று சொல்கிற மாதிரி. நாலைந்து வரி, கீழே எழுதியவர் பெயர். பிரான்சில் இப்படிச் சொந்தமாக நடத்தும் கடைகளில் இது சகஜம்.

எனக்கு அச்செழுத்து ஓரளவு பிடிபட்டிருந்தது. கையெழுத்துதான் மலைக்க வைத்தது. எழுத்துகளை ஒன்றோடொன்று கோத்து எழுதுகிறார்கள். 1க்கு நீளமாக ஒரு கொம்பு, 7க்குக் குறுக்கே ஒரு கோடு. மகள் அப்போது முதல் வகுப்பு. பள்ளியில் இந்தக் கோத்தெழுத்தைத்தான் பழக்கிக்கொண்டிருந்தார்கள். அவள் விரல் வைத்து எழுத்துக்கூட்டி வாசிப்பாள், பொருள் தெரியாது. நான் காதில் விழுந்ததை அகராதியில் தேடிப் பொருள் சொல்வேன். முதல் அட்டையை முடிக்க இருபது நிமிடம் ஆனது. கதையில் வரும் பாட்டியைப் பிரிய மனமில்லாமல், கடைசிப் பத்துப் பக்கத்தை இரண்டு நாள் படிக்காமலே வைத்திருந்தாராம் எழுதியவர். அந்தப் புத்தகத்தை உடனே வாங்கினேன். படித்து முடிக்க நாலு மாதம் பிடித்தது, அது வேறு விஷயம்.

வாசலருகே உள்ள மேசை வேறு உலகம். ஆகஸ்ட் கடைசியில் தொடங்கி 400க்கும் மேற்பட்ட புதிய நாவல்கள் வந்து குவியும். நவம்பரில் இங்கே பெரிய இலக்கியப் பரிசான கோன்கூரை அறிவித்ததும், அந்த நாவல் சிவப்புத் தாள் பட்டை சுற்றிக்கொண்டு அடுக்கடுக்காக நிற்கும். பரிசுத்தொகை வெறும் 10 யூரோ. விற்பனையோ லட்சக்கணக்கில் போகும். எல்லோரும் வாங்குவதை நீங்களும் அடுக்குகிறீர்களே என்று கடைக்காரரிடம் ஒருமுறை கேட்டேன். அது விற்பதால்தான் மூலையில் இருக்கும் மெலிந்த கவிதைப் புத்தகங்களுக்கு வாடகை கட்ட முடிகிறது என்றார். அதிலிருந்து அந்த மேசையைக் குறைவாக நினைப்பதில்லை. ஆனாலும் நான் வாங்குவது அட்டை சொல்கிற புத்தகத்தைத்தான். பரிசுக் குழுவினரை நான் பார்த்ததில்லை. அட்டை எழுதியவர் கண்ணெதிரே நிற்கிறார், பிடிக்காவிட்டால் போய்ச் சொல்லலாம். சொல்லியும் இருக்கிறேன். பதிலுக்கு இன்னொன்றை எடுத்துக் கையில் கொடுத்தார்.

இத்தனை சின்னக் கடை எப்படித் தாக்குப்பிடிக்கிறது என்று யோசித்ததுண்டு. அதற்கு ஒரு சட்டம் இருக்கிறது. கலாச்சார அமைச்சர் ஜாக் லாங் 1981இல் கொண்டுவந்தது. புதிய புத்தகத்தின் விலையைப் பதிப்பாளர்தான் தீர்மானிப்பார். விற்பவர் 5 சதவீதத்துக்கு மேல் தள்ளுபடி தர முடியாது. பெரிய அங்காடியிலும் இங்கேயும் ஏறக்குறைய ஒரே விலை. இணையத்தில் வாங்கினாலும், 2023 அக்டோபரிலிருந்து 35 யூரோவுக்குக் குறைந்த ஆர்டர் வீட்டுக்கு வர அஞ்சல் கட்டணம் 3 யூரோவாவது உண்டு. பணத்தை மிச்சம் பிடித்தே பழகிய எனக்கு முதலில் இது உறுத்தியது. இப்போது இந்தச் சட்டத்தை யாராவது குறை சொன்னால் எனக்குக் கோபம் வருகிறது.

இங்கே புத்தகத்தின் முதுகில் பெயர் கீழிருந்து மேலாக ஓடும். அலமாரி முன்னால் தலை இப்போது தானாகவே இடப்பக்கம் சாய்கிறது.

போன மாதம் குழந்தைகள் பகுதிக்கு ஒரு அட்டை எழுதித் தரச் சொல்லி மகளைக் கேட்டார்கள். எனக்குக் காட்டாமல் எழுதிக் கொடுத்துவிட்டாள். சனிக்கிழமை போனபோது ஒரு படக்கதையில் அது செருகியிருந்தது. கோத்தெழுத்து, கீழே அவள் பெயர். யாரையும் கேட்காமல் நின்று வாசித்தேன். ஓநாய் கெட்டது இல்லை, அதற்குப் பசி, கடைசி வரை படியுங்கள் என்று எழுதியிருந்தாள்.