நாலு தடவை பேங்க் ஏறி இறங்கின கதை: வேலைல இருந்துகிட்டே மாவு வியாபாரம்

போன செவ்வாக்கிழமைதான் ஒருவழியா பிசினஸ் அக்கவுண்ட் ஓப்பன் ஆச்சு. நாலாவது தடவை. பிப்ரவரி நடுவுல ஆரம்பிச்சது, ஏப்ரல் கடைசி ஆயிடுச்சு, இதுக்காக மட்டும் மூணு ஹாஃப் டே லீவு போச்சு. இன்னும் அந்தக் கடுப்பு அடங்கல, ஆனா அடங்குறதுக்குள்ள எழுதிடணும்னு உக்காந்துட்டேன், ஏன்னா என்னை மாதிரி ஃபேக்டரி வேலையும் பாத்துகிட்டு வீட்டுல ஏதாவது செஞ்சு விக்கிறவங்க பினாங்குல நெறைய பேரு இருக்கீங்க, எனக்கு யாராவது முன்னாடியே சொல்லியிருந்தா இதுல பாதி அலைச்சல் மிச்சமாயிருக்கும்.

நான் பாயான் லெப்பாஸ்ல ஒரு ஃபேக்டரில குவாலிட்டி டிப்பார்ட்மெண்ட்ல இருக்கேன், வீடு ரெலாவ்ல வாடகை ஃப்ளாட். 2022 தீபாவளி முடிஞ்சு தோசை மாவு அரைச்சு பக்கத்து பிளாக்ல குடுக்க ஆரம்பிச்சேன். 2 லிட்டர் கிரைண்டர், வாரம் 20 பாக்கெட், சனி ஞாயிறு மட்டும். அப்புறம் வாட்சப்ல சொல்லி சொல்லி 50 ஆச்சு, இப்ப லிட்டில் இந்தியா பக்கம் ஒரு மளிகைக் கடைக்கு வாரம் 60 பாக்கெட் தனியா போகுது. எழுதும்போது மூணு வரில முடிஞ்சிடுச்சு, நடந்தது ஒன்றரை வருஷம்.

முதல் அடி ஃபேக்டரிலதான் விழுந்துச்சு. 2023 செப்டம்பர்ல கேண்டீன்ல வச்சு கூட வேலை செய்றவங்களுக்கு பாக்கெட் குடுத்துகிட்டு இருந்தேன், அவங்களே கேட்டாங்க, நானும் யோசிக்காம பேக்ல போட்டு எடுத்துட்டு போயிடுவேன். யாரோ மேல சொல்லிட்டாங்க. ஒரு நாள் ஷிஃப்ட் முடியுற நேரத்துக்கு கூப்பிட்டு ஷோ காஸ் லெட்டர், அதாவது ஏன் நடவடிக்கை எடுக்கக்கூடாதுன்னு விளக்கம் கேக்கிற லெட்டர், குடுத்தாங்க, எனக்கு கையெல்லாம் நடுங்கிடுச்சு, எட்டு வருஷ சர்வீஸ்ல அதான் முதல் லெட்டர். அப்புறம் வீட்டுக்கு வந்து வேலைல சேந்தப்ப கையெழுத்து போட்ட அக்ரிமெண்ட எடுத்து படிச்சா, எழுத்துல அனுமதி வாங்காம வேற வேலையோ வியாபாரமோ பண்ணக்கூடாதுன்னு தெளிவா போட்டிருக்கு. நான் அத படிச்சதே இல்ல.

பதில் லெட்டர்ல நடந்தத அப்படியே ஒத்துக்கிட்டு எழுதினேன், ஃபேக்டரி நேரத்துலயும் ஃபேக்டரி இடத்துலயும் இனி விக்க மாட்டேன், நான் செய்றது கம்பெனி தொழிலுக்கு சம்பந்தமே இல்லாத சாப்பாட்டு வியாபாரம், அனுமதி குடுங்கன்னு. அதுக்கு எச்ஆர்ல இருந்தவங்க இதுக்கெல்லாம் ஃபார்ம் கிடையாதுன்னாங்க, அப்புறம் மேலதிகாரி லீவுல இருக்காருன்னாங்க, அப்புறம் வாயால சரின்னாங்க. வாயால சொன்னத நான் ஏத்துக்கல. அஞ்சு வாரம் விடாம கேட்டு ஒரு பக்க அனுமதிக் கடிதம் வாங்கிட்டேன். எது பண்றதுக்கு முன்னாடியும் இத முதல்ல வாங்குங்க, எழுத்துல வாங்குங்க. வேலை செய்ற இடத்துல விக்கவே விக்காதீங்க, எவ்வளவு நல்லவங்க கேட்டாலும் சரி, வேணும்னா வீட்டுக்கு வந்து வாங்கிக்க சொல்லுங்க.

எஸ்எஸ்எம், அதாவது மலேசியாவுல வியாபாரம் பதியிற அரசாங்க ஆணையம், அங்க பதிவு சுலபமா முடிஞ்சிடுச்சு. அவங்க ஈஸிபிஸ் தளத்துல ஆன்லைன்லயே பண்ணேன், ஐசில (அடையாள அட்டைல) இருக்கிற சொந்தப் பேர்லயே பதிஞ்சா வருஷம் 30 வெள்ளி (ரிங்கிட்), வேற வியாபாரப் பேர் வச்சா 60, நான் பேர் வச்சேன். வியாபாரம் ஆரம்பிச்ச 30 நாளுக்குள்ள பதியணும்னு சட்டம் இருக்கு, நான் ரொம்ப தாமதமாத்தான் போனேன், நீங்க அப்படி விடாதீங்க. டைஃபாய்ட் ஊசி போட்டாச்சு, மூணு வருஷத்துக்கு செல்லும், உணவு கையாளுறவங்களுக்கான வகுப்புக்கு 50 வெள்ளி கட்டி ஒரு காலைல போயிட்டு வந்தாச்சு. ஊசிக்கு மட்டும் கிளினிக்குக்கு முன்னாடியே போன் பண்ணி மருந்து இருக்கான்னு கேட்டுட்டு போங்க, எனக்கு ஒரு சனிக்கிழமை அதுலயே போச்சு.

இதுல ஒரே ஒரு விஷயம் கோட்டை விட்டேன், அதுதான் பின்னாடி பெருசாச்சு. ஆன்லைன்ல முகவரி அடிக்கும்போது பிளாக் நம்பர் போட்டேன், வீட்டு யூனிட் நம்பர போடல. சர்டிஃபிகேட் வந்தப்பவும் பாக்கல.

இப்ப பேங்க். ஏன் அவசரமா பிசினஸ் அக்கவுண்ட் தேவைப்பட்டுச்சுன்னா, அந்த மளிகைக் கடைல கணக்கு எழுதுறவரு தனி ஆள் அக்கவுண்ட்டுக்கு காசு போட முடியாதுன்னுட்டாரு. கடை அண்ணன் நல்லவருதான், "தங்கச்சி, சரக்க நீ போட்டுகிட்டே இரு, அக்கவுண்ட் வந்ததும் மொத்தமா போட்டுர்றேன்"னாரு. ஒரு பாக்கெட் அவருக்கு 4.50 வெள்ளிக்கு குடுக்கிறேன், 60 பாக்கெட்டுக்கு வாரம் 270. ஒரு பாக்கெட் அரைக்க, பை, கரண்ட் எல்லாம் சேத்து எனக்கு 2.50 கிட்ட ஆகுது. 2023 ஆகஸ்ட் கடைசில இந்தியா புழுங்கல் அரிசி ஏற்றுமதிக்கு 20 சதவீதம் வரி போட்டதுலேர்ந்து இட்லி அரிசி விலை ஏறினது ஏறினதுதான், அதுக்கு முன்னாடி 2.10லயே முடிச்சிடுவேன். அப்ப வாரம் 150 வெள்ளி என் சம்பளத்துலேர்ந்து போட்டு அரைச்சு குடுத்துட்டு காசு வராம உக்காந்திருக்கேன். இது பத்து வாரம் ஓடுச்சு.

முதல் தடவை போனப்ப ஐசி, எஸ்எஸ்எம் சர்டிஃபிகேட், கைக்காசு 500 எல்லாம் எடுத்துட்டு போனேன். கவுண்டர்ல இருந்த பொண்ணு கரண்ட் பில் கேட்டுச்சு. டிஎன்பி, அதான் கரண்ட் கம்பெனி, பில் வீட்டு ஓனர் பேர்ல இருக்கு, வாடகை வீடுன்னா அப்படித்தானே இருக்கும். "பில் இனி நாமா ஓராங் லாயின், காக். தாக் போலே"ன்னு, அதாவது பில் வேற ஆள் பேர்ல இருக்குக்கா, முடியாதுன்னு, திருப்பி நீட்டிடுச்சு. வேற என்ன குடுக்கலாம்னு கேட்டா தெரியலன்னு சொல்லுது. இருபது நிமிஷம் நின்னு வெளிய வந்தேன்.

வாடகை அக்ரிமெண்ட், ஸ்டாம்ப் போட்டது, அப்புறம் வீட்டு ஓனர் கிட்ட இந்த முகவரில வியாபாரம் பதிஞ்சுக்க ஆட்சேபணை இல்லன்னு ஒரு கடிதம், ரெண்டும் வாங்கிட்டு ரெண்டாவது தடவை போனேன். காலை ஷிஃப்ட் 3.30க்கு முடியும், பேங்க் போய் சேரும்போது நம்பர் குடுக்கிறத நிறுத்திடுவாங்க, அதனால இதுக்கும் ஹாஃப் டே லீவு. அன்னைக்கு பிசினஸ் அக்கவுண்ட் பாக்கிற அதிகாரி வரல, அப்பாயிண்ட்மெண்ட் எடுத்துட்டு வாங்கன்னாங்க. முதல் தடவையே அத சொல்லியிருக்கலாம்ல?

மூணாவது தடவை அப்பாயிண்ட்மெண்ட்டோட போனேன். அதிகாரி எல்லாத்தையும் பாத்துட்டு வாடகை அக்ரிமெண்ட்டயும் சர்டிஃபிகேட்டயும் பக்கத்துல பக்கத்துல வச்சாரு. யூனிட் நம்பர் இல்ல. "ஒரு பிளாக்ல எத்தன வீடு இருக்கு, இதுல உங்க வீடு எது?"ன்னு கேட்டாரு. அது நியாயமான கேள்விதான், தப்பு என்னோடது. ஆனா முதல் நாள் அதே சர்டிஃபிகேட்ட கைல வாங்கி பாத்த பொண்ணு சொல்லியிருந்தா ஒரு மாசம் மிச்சமாயிருக்கும். அப்புறம் கடை போர்டு போட்டோ வேணும்னாரு. வீட்டுல மாவு அரைக்கிறவளுக்கு ஏது போர்டு? மோட்டார் சைக்கிள்ல ஏறி வரும்போது அழுதுட்டேன், மறைக்க என்ன இருக்கு.

அன்னைக்கு ராத்திரி என் புருஷன் கூட பேசினப்ப அவருதான் சொன்னாரு, வேற பிராஞ்ச்ல கேட்டுப் பாரேன்னு. முகவரிய ஆன்லைன்ல திருத்தி புது பிரிண்ட் எடுத்தேன். அதே பேங்க், வேற பிராஞ்ச். போறதுக்கு முன்னாடி போன் பண்ணி, வீட்டுல செய்ற உணவு வியாபாரம், வாடகை வீடு, போர்டு இல்ல, என்னென்ன கொண்டு வரணும்னு கேட்டு, சொன்னவங்க பேரையும் எழுதி வச்சுகிட்டேன். போர்டுக்கு பதிலா கிரைண்டர், சமையல் மேடை, லேபிள் ஒட்டின பாக்கெட், கடைக்கு எழுதின பில் இதெல்லாம் போட்டோ எடுத்துட்டு வாங்கன்னாங்க. செவ்வாக்கிழமை போனேன், 45 நிமிஷத்துல முடிஞ்சிடுச்சு. யூனிட் நம்பர் திருத்தினதும் போர்டுக்கு பதிலா போட்டோவும் தவிர அதே பேப்பர், அதே பேங்க். ஒரு பிராஞ்ச்ல முடியாதுன்னா அந்த பேங்க்லயே முடியாதுன்னு அர்த்தம் இல்ல, இது எனக்கு ரெண்டு மாசம் கழிச்சுத்தான் தெரிஞ்சுச்சு.

லேபிள்னு சொன்னதும் ஞாபகம் வருது. முதல்ல அடிச்ச 1,000 ஸ்டிக்கர் முழுக்க வீண். தமிழ்லயும் ஆங்கிலத்துலயும் அழகா டிசைன் பண்ணி, குத்துவிளக்கு படமெல்லாம் போட்டு அடிச்சாச்சு. கடை அண்ணன் கைல வாங்கி பாத்துட்டு "இத நான் அடுக்க முடியாதும்மா, செக்கிங் வந்தா என்னையும் சேத்து கேப்பாங்க"ன்னுட்டாரு. இங்க செஞ்சு விக்கிற சாப்பாட்டுப் பொருளுக்கு லேபிள் பஹாசா மலேசியாவுல, அதாவது மலாய்ல, இருக்கணும், 1985 உணவு விதிமுறை அப்படித்தான் சொல்லுது. பொருளோட பேர், என்னென்ன கலந்திருக்குன்னு எடை அதிகமா இருக்கிறதுலேர்ந்து வரிசையா, நிகர எடை, செய்றவங்க பேரும் முகவரியும். தேதியும் போட்டுடுங்க, மாவுல தேதி இல்லாம எந்தக் கடைக்காரரும் வாங்க மாட்டாரு. மத்த மொழி கூட சேத்துக்கலாம், ஆனா மலாய் இல்லாம முடியாது. முதல்ல வீட்டு பிரிண்டர்ல ஒரு பத்து அடிச்சு கடைக்காரர் கிட்ட காட்டுங்க, அவங்களுக்கு எல்லாம் அத்துபடி.

உப்பிப்போன கதையும் சொல்லிடுறேன், ஏன்னா மாவு போடுறவங்க கண்டிப்பா இதுல மாட்டுவீங்க. கடைக்கு குடுக்க ஆரம்பிச்ச ரெண்டாவது வாரம், சாயங்காலம் அரைச்சு பேக் பண்ணி மேசை மேலயே வச்சுட்டு காலைல புருஷன் மோட்டார் பெட்டில எடுத்துட்டு போனாரு. நம்ம ஊர் வெக்கைல மாவு புளிக்கிறதுக்கு ஒரு ராத்திரி ரொம்ப அதிகம். லிட்டில் இந்தியா போய் பெட்டிய திறந்தா பாக்கெட்டெல்லாம் பந்து மாதிரி நிக்குது, நாலு வெடிச்சு மத்ததுல வழிஞ்சு, 18 பாக்கெட் போச்சு. இப்ப ஐஸ் தண்ணி ஊத்தி அரைக்கிறேன், கல்லு சூட்டுல மாவு சூடேறாது. உப்பு போட்டு கலந்து, பைல மூணுல ஒரு பங்கு இடம் விட்டு, அரைச்ச கையோட ஃபிரிஜ்ல வச்சுடுவேன், தெர்மோகோல் பெட்டில ஐஸ் வச்சுத்தான் வெளிய போகும். வாங்குறவங்க வீட்டுல வெளிய எடுத்து வச்சு புளிக்க வச்சுக்கலாம்.

10 லிட்டர் கிரைண்டர் செகண்ட் ஹேண்ட்ல 2,400 வெள்ளிக்கு வாங்கினேன். கடன் வாங்கல. இந்தியர்களுக்கு தெக்குன்ல (சிறு தொழிலுக்கு கடன் குடுக்கிற அரசாங்க நிறுவனம்) ஸ்பூமின்னு ஒரு கடன் இருக்கு, எடுன்னு நெறைய பேரு சொன்னாங்க, தேவைப்படுறவங்க விசாரிங்க, நல்ல திட்டம்தான். எனக்கு லாபத்த தனி டப்பால போட்டு வச்சு மெதுவா வாங்குறதுதான் தூக்கம் தந்துச்சு. கிரைண்டர் வந்த முதல் ராத்திரியே கீழ் வீட்டு சீன ஆன்ட்டி மேல ஏறி வந்துட்டாங்க, பேரனுக்கு பரீட்சை. அவங்க கோபம் சரிதான். அடில தடிமனா ரப்பர் போட்டு, ராத்திரி 8 மணிக்கு மேல அரைக்கிறதே இல்லன்னு வச்சுகிட்டேன். இப்ப அந்த ஆன்ட்டி வாரம் ஒரு பாக்கெட் வாங்குறாங்க.

வரி விஷயத்துல ஒரு வார்த்தை. சம்பளம் மட்டும் இருந்தப்ப வருஷா வருஷம் வருமான வரிக்கு பிஇ ஃபார்ம் போட்டு பழகிட்டேன், இந்த வருஷமும் அதையே திறந்து பாதி நிரப்பிட்டேன். அக்கவுண்ட்ஸ்ல இருக்கிற அக்கா ஒருத்தங்கதான் "வியாபார வருமானம் இருந்தா பி ஃபார்ம்டி"ன்னு தடுத்தாங்க. லாபம் கம்மியா இருந்தாலும் அதுதான். பிஇ இ-ஃபைலிங் மே 15 வரைக்கும், பி ஃபார்ம் ஜூலை 15 வரைக்கும். ரசீதெல்லாம் ஏழு வருஷம் வச்சிருக்கணும். அரிசிக் கடை ரசீது மங்கிடும், வாங்கின அன்னைக்கே போட்டோ எடுத்து வச்சுக்குங்க.

வேலைய விட்டுட்டு முழுசா இறங்கலாமேன்னு என் தம்பி கேட்டான். உக்காந்து கணக்கு போட்டேன். கடைக்கு 60, நேரா 50, ரெண்டும் சேத்து மாசம் கைல நிக்கிறது 1,200 கிட்ட. சம்பளம் 3,200, அதுக்கு மேல கம்பெனி இபிஎஃப்ல (சேமநிதில) போடுற 13 சதவீதம் 416. மெடிக்கல் கார்டு வேற, பிள்ளைக்கு ஆஸ்துமா. மூணு மடங்கு வித்தாத்தான் அந்த இடத்துக்கு வரும், மூணு மடங்கு அரைக்க இந்த ஃப்ளாட்டும் பத்தாது. போன வாரம் ஜெலுத்தோங்ல இன்னொரு கடைல வாரம் 80 பாக்கெட் கேட்டாங்க, ஆசையாத்தான் இருந்துச்சு. என் கைல இருக்கிறது வாரத்துக்கு மூணு சாயங்காலம், சனி ஞாயிறு. நாத்தனார் ஒரு நாளைக்கு இவ்வளவுன்னு சம்பளம் பேசி ரெண்டு சாயங்காலம் வர்றதா சொல்லியிருக்காங்க, அவங்களுக்கு ஊசியும் வகுப்பும் முடியட்டும், 20 பாக்கெட்டோட ஆரம்பிக்கலாம்னு அந்தக் கடைல சொல்லிட்டேன். அவங்களும் சரின்னாங்க.

வெள்ளிக்கிழமை ஷிஃப்ட் முடிஞ்சு லாக்கர்லேர்ந்து போன எடுத்தா மளிகைக் கடை அண்ணன் மெசேஜ். பத்து வாரத்துக்கு 2,700, உப்பிப்போன 18 பாக்கெட்டுக்கு 81 கழிச்சு, 2,619 வெள்ளி, என் கடை பேர் போட்ட அக்கவுண்ட்ல.