பல் டாக்டர் என்னை வெளியே உட்காரச் சொன்னார்

பத்தாவது படிக்கும் மகன், கீழ் உதட்டுக்குள் எரிகிறது, குழம்பு படவே முடியவில்லை என்றான். வாய்ப்புண்தானே என்று மணத்தக்காளிக் கீரை, பி காம்ப்ளெக்ஸ் மாத்திரை என்று இரண்டு வாரம் ஓட்டினோம். சரியாகாததால் பல் டாக்டரிடம் கூட்டிப்போனேன்.

வாயைப் பார்த்தவர், "சார், கொஞ்ச நேரம் வெளியே உட்காருங்க" என்றார். சுருக்கென்றது. என் பிள்ளையிடம் எனக்குத் தெரியாமல் என்ன பேச்சு?

உள்ளே நடந்ததை மகன் பிறகுதான் சொன்னான். "புகையிலை போடுறியா?" என்று அவர் கேட்கவில்லையாம். "உன் கிளாஸ்ல எத்தனை பேர் பவுச் வைக்கிறாங்க?" என்று, உதட்டுக்குள் அடக்கும் சின்னப் புகையிலைப் பொட்டலத்தைப் பற்றி ஆரம்பித்து, அப்புறம் சாதாரணமாக "நீ எந்தப் பக்கம் வைப்பே?" என்றாராம். கையில் கண்ணாடியைக் கொடுத்து உதட்டை மடக்கிக் காட்டியிருக்கிறார். பொட்டலத்தை அடக்கும் அதே இடத்தில் தோல் வெளுத்து, தண்ணீரில் ஊறிய விரல்நுனி மாதிரி சுருங்கிக் கிடந்திருக்கிறது. இப்போதே விட்டால் சில வாரத்தில் பழையபடி ஆக வாய்ப்பு அதிகம் என்றாராம். மூன்று விரலை அடுக்கி வாய்க்குள் விடச் சொல்லியிருக்கிறார். போனது. பாக்கு கலந்த சரக்கைப் பழகியவர்களுக்கு நாளாக ஆக இரண்டு விரல்கூட நுழையாது என்பதையும் சொன்னாராம்.

அவன் சம்மதித்த பிறகே என்னைக் கூப்பிட்டார். மகன் தலையைக் குனிந்தபடி சொன்னான். என் கை துறுதுறுத்தது. "அடிச்சா ஒளிச்சு வைப்பான், விட மாட்டான்" என்றவர், என் சட்டைப் பையைப் பார்த்து, "நீங்க?" என்றார்.

மகன் முன்னால் சொல்ல வேண்டியதாயிற்று. ஒரு நாளைக்கு ஆறு. இருபது வருஷத்தில் எத்தனையோ டாக்டர்கள் "சிகரெட்டைக் குறைங்க" என்று போகிற போக்கில் சொன்னதுண்டு. அடுத்த முறை போனால் யாரும் கேட்டதில்லை. இவர் எங்கள் இருவர் பெயரையும் எழுதி, வரும் ஞாயிறு என்று விடுவதற்கு நாளும் குறித்தார்.

முதல் மூன்று நாள் எரிச்சலாக வரும், ஆசை சில நிமிடத்தில் அடங்கிவிடும், அதுவரை தண்ணீர், சோம்பு என்றார். எனக்குச் சிகரெட் ஆசையை அடக்க 2 மில்லிகிராம் நிகோடின் கம், அவனுக்கு வேண்டாம் என்றுவிட்டார். சாதாரண பபிள்கம் மாதிரி மென்று விக்கல் எடுத்ததுதான் மிச்சம். லேசாகக் கடித்துக் கன்னத்தில் அடக்க வேண்டுமாம். புகையிலையை விட உதவுவதற்காகச் சிகரெட் அட்டையில் போட்டிருக்கும் 1800-11-2356 எண்ணுக்கும் பேசினோம், தமிழிலேயே பேசினார்கள்.

மூன்றாவது வாரம் மகன் மறுபடி வைத்துவிட்டான். டாக்டர் திட்டவில்லை. எங்கே, யாரோடு என்று மட்டும் கேட்டார். டியூஷன் முடிந்து நிற்கும் பெட்டிக்கடை. 18 வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்குப் புகையிலை விற்கக் கூடாது என்று 2003லேயே சட்டம் வந்துவிட்டது. கடைக்காரர் வயதைக் கேட்டதே இல்லையாம். டியூஷன் நேரத்தை மாற்றினோம், நானே போய் அழைத்து வந்தேன்.

அடுத்த மாதம் கண்ணாடியை அவனே கேட்டு வாங்கிப் பார்த்தான். தோல் இளஞ்சிவப்பாகிவிட்டது.

எனக்குத்தான் இன்னும் தினம் இரண்டு சிகரெட் பாக்கி. போன வாரம் போனபோது டாக்டர் அவனைப் பார்த்துச் சொன்னார், "தம்பி, நீ கொஞ்சம் வெளியே உட்காரு."