இன்கோனலா? முதலில் தண்ணீர் போகும் வழியைப் பாருங்கள்

டிராயிங்கில் இன்கோனல் 718 என்று பார்த்ததும் சிஎன்சியில், அதாவது கணினி ஓட்டும் வெட்டு மெஷினில், பழகிய கை முதலில் வேகத்தைத்தான் குறைக்கும். அங்கே அது சரியான பழக்கம். அந்த நிக்கல் கலவை சூட்டை எளிதில் கடத்தாது, வெட்ட வெட்ட இன்னும் இறுகும், வெட்டும் இன்சர்ட் முனை சீக்கிரம் போய்விடும். ஆனால் சிங்கப்பூர் துவாஸில் நான் வேலை பார்க்கும் கம்பெனியில் ஈசிஎம் மெஷினுக்கு, அதாவது மின்சாரத்தாலும் உப்புத் தண்ணீராலும் உலோகத்தைக் கரைத்து வடிவம் கொடுக்கும் மெஷினுக்கு, மாறி வரும் தம்பிகள் அதே பழக்கத்தோடு வந்து, "அண்ணே, மெட்டீரியல் ரொம்ப ஹார்டு, ஃபீடைக் குறைச்சிடவா?" என்று கேட்பார்கள். குறைக்காதே என்றுதான் சொல்வேன். இங்கே ஃபீடை, அதாவது டூல் இறங்கும் வேகத்தை, குறைத்தால் அளவு கெட்டுவிடும்.

காரணம் இதுதான். நகைக்கு முலாம் பூசுவதைத் தலைகீழாகச் செய்வதாக வைத்துக்கொள்ளுங்கள். ஜாப்பில், அதாவது வடிவம் கொடுக்க வேண்டிய துண்டில், பாசிட்டிவ், டூலில் நெகட்டிவ். இரண்டுக்கும் நடுவே மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு முதல் அரை மில்லிமீட்டர் வரை இடைவெளி, அதற்குள் பாய்ந்து ஓடும் உப்புத் தண்ணீர், 5 முதல் 25 வோல்ட் டிசி. ஜாப்பிலிருந்து உலோகம் அணு அணுவாகக் கழன்று தண்ணீரோடு போகிறது. டூல் பக்கம் ஹைட்ரஜன் குமிழிதான் வரும், அதனால் டூல் தேயாது. இரண்டும் தொட்டு ஷார்ட் ஆகாமல் பார்த்துக்கொண்டால் ஒரே செம்பு டூல் எத்தனையோ ஜாப்புக்கு வரும்.

எவ்வளவு உலோகம் கரையும் என்பதை ஃபாரடே 1830களிலேயே சொல்லிவிட்டார். ஆம்பியர், நேரம், அணு எடை, ஒரு அணு விடும் எலக்ட்ரான் எண்ணிக்கையான வேலன்சி, அவ்வளவுதான் கணக்கு. கடினத்தன்மைக்கு அதில் இடமே இல்லை. இரும்பு இரண்டு எலக்ட்ரானை விட்டுக் கரைவதாக எடுத்துக்கொண்டால், 1000 ஆம்பியருக்கு நிமிடத்தில் சுமார் 2.2 கன சென்டிமீட்டர் போகும். அந்த இரும்பை நீங்கள் அனீல் செய்து மென்மையாக்கியிருந்தாலும் சரி, குவென்ச் செய்து கல்லாக்கியிருந்தாலும் சரி, கணக்கு மாறாது. ரஷ்யாவில் குசெவ் 1929இலேயே இந்த யோசனைக்குக் காப்புரிமை கேட்டார். ஆனாலும் ஜெட் எஞ்சினுக்கு வெட்ட முடியாத கலவைகள் வந்த பிறகு, 1950களின் கடைசியில்தான் இது தொழிற்சாலைக்குள் நுழைந்தது.

இப்போது ஃபீடுக்கு வருவோம். டூல் இறங்கும் வேகமும் உலோகம் கரையும் வேகமும் சமமாகும் இடத்தில் இடைவெளி நிலைக்கும். ஃபீடைப் பாதியாக்கினால் இடைவெளி ஏறக்குறைய இரண்டு மடங்காகும், கரன்ட் பாதியாக இறங்கும், டூலின் வடிவம் ஜாப்பில் தெளிவாகப் பதியாமல் ஓரங்கள் மழுங்கிப் போகும். பயந்து மெதுவாக ஓட்டினால் வேலை நயமாக வரும் என்பது இங்கே செல்லாது.

அப்படியென்றால் ஃபீடை ஏற்றிக்கொண்டே போகலாமா? முடியாது, தடுப்பது தண்ணீர். 10,000 ஆம்பியர், 15 வோல்ட் என்றால் 150 கிலோவாட். அதில் பெரும்பகுதி சூடாக அந்த மெல்லிய இடைவெளிக்குள்தான் இறங்கும். தண்ணீர் 10 டிகிரிக்கு மேல் சூடாகக் கூடாது என்றால் நிமிடத்துக்கு 200 லிட்டருக்கு மேல் அதற்குள் தள்ள வேண்டும், அதுவும் நொடிக்குப் பத்து, இருபது மீட்டர் வேகத்தில். போகிற வழியில் தண்ணீர் சூடாவதால் அதன் கடத்தும் திறன் ஏறும், குமிழி சேர்வதால் இறங்கும். ஆக, நுழையும் இடத்திலும் வெளியேறும் இடத்திலும் உலோகம் ஒரே மாதிரி கரையாது.

இதை ஜாப்பின் முகத்திலேயே படிக்கலாம். நல்ல ஓட்டத்தில் வெளியே வரும் நிக்கல் ஜாப், கழுவித் துடைத்ததும் பர் என்னும் ஓரப் பிசிறு இல்லாமல், விரலில் எதுவும் தட்டாமல் பளபளக்கும். ஓட்டம் எங்காவது பிரிந்து போயிருந்தால், அந்த இடத்திலிருந்து விசிறி மாதிரி மெல்லிய கோடுகள் கிளம்பியிருக்கும், நகத்தால் வருடினால் தெரியும். சில சமயம் தண்ணீர் எட்டாத இடத்தில் ஒரு சிறு மேடு கரையாமல் நிற்கும், டூல் அதில் போய் முட்டினால் ஷார்ட்தான், ஜாப்பும் போச்சு, டூலும் போச்சு. இதற்கெல்லாம் வோல்டேஜைத் திருகிப் பயனில்லை. டூலில் தண்ணீர் வரும் ஸ்லாட்டை நகர்த்த வேண்டும், அல்லது வெளியேறும் பக்கம் கொஞ்சம் அடைத்து எதிர் அழுத்தம் கொடுக்க வேண்டும். டிராயிங் கையில் வந்ததும் தண்ணீர் எங்கே நுழையும், எங்கே வெளியேறும், எந்த மூலையில் தேங்கும் என்று பென்சிலால் அம்புக்குறி போட்டுப் பார்க்காமல் ஜாப்பைப் பிடித்து நிறுத்தும் ஃபிக்ஸ்சர் வேலையைத் தொடவே கூடாது என்பது என் பிடிவாதம்.

பல்ஸ் ஈசிஎம் வந்ததும் இந்தத் தலைவலிக்குத்தான். டூல் மேலும் கீழும் அதிரும். மிக நெருங்கி, சில பத்து மைக்ரான் இடைவெளி இருக்கும் கணத்தில் மட்டும் கரன்ட் பாயும், விலகும்போது புதுத் தண்ணீர் உள்ளே வந்து கழிவை அள்ளிக்கொண்டு போகும். விமான எஞ்சினின் பிளிஸ்க், அதாவது வட்டும் இறக்கைகளும் ஒரே துண்டாக இருக்கும் பாகம், இப்படியும் செய்யப்படுகிறது. சிலேத்தார், லோயாங் பக்கம் எஞ்சின் வேலையில் இருப்பவர்கள் கையில் பிடித்துப் பார்த்திருப்பீர்கள். தீப்பொறியால் உலோகத்தை உருக்கி எடுக்கும் இடிஎம்மில் வருவது போல உருகி இறுகிய மேற்தோல் இதில் கிடையாது, சூட்டால் வரும் நுண்விரிசலும் இல்லை.

உப்பையும் சொல்லியாக வேண்டும். சாதாரண உப்பான சோடியம் குளோரைடு வேகமாகக் கரைக்கும், ஆனால் தள்ளி இருக்கும் இடத்தையும் அரிக்கும். சோடியம் நைட்ரேட்டில், கரன்ட் அடர்த்தி குறைந்த இடத்தில் கரைவது குறைந்துவிடும். கூரான ஓரம் வேண்டுமென்றால் நைட்ரேட்தான்.

கரைந்த உலோகம் காணாமல் போவதில்லை, சேறாக டேங்கில் நிற்கும். இரும்பு முதலில் கரும்பச்சையாக வந்து, காற்றுப் பட்டதும் துருநிறமாகும். குரோமியம் கலந்த உலோகத்தை நைட்ரேட்டில் கரைத்தால் ஆறு வேலன்சி குரோமியம் உருவாகும், அது புற்றுநோய் தரும் பொருள். இந்த ஒரு விஷயத்தில் நான் யாருக்கும் சலுகை தருவதில்லை. கையுறை, கண்ணாடி போடாமல் சேற்றைப் பிழியும் ஃபில்டர் பிரஸ்ஸைத் திறக்கக் கூடாது. அந்தத் தண்ணீரைச் சுத்திகரிக்காமல் ஒரு வாளிகூடச் சாக்கடையில் கொட்டக் கூடாது. இங்கே கழிவுநீருக்குப் பொதுப் பயனீட்டுக் கழகத்தின் வரம்பு இருக்கிறது, நச்சுச் சேற்றை உரிமம் பெற்றவர்கள்தான் எடுத்துப் போக வேண்டும். அப்புறம் ஹைட்ரஜன்: எக்ஸாஸ்ட் ஓடுகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் பவர்.

கடினம் முக்கியமில்லை என்றால் எந்த உலோகமும் சுலபம் என்று நினைத்துவிடாதீர்கள். வேதியியல் விடாது. வார்ப்பிரும்பில் இருக்கும் கிராஃபைட் கரையாது, முகம் சொரசொரப்பாகவே வரும். டைட்டானியம் ஆக்சைடு தோலைப் போர்த்திக்கொள்ளும், அதை உடைக்க வோல்டேஜ் கூட வேண்டும். டங்ஸ்டன் கார்பைடில் சாதாரண உப்புத் தண்ணீர் துகள்களைப் பிணைக்கும் கோபால்ட்டை மட்டும் தின்றுவிட்டு மற்றதை விட்டுவிடும், அதற்குக் காரத் தண்ணீர் வேண்டும். ஒரு ஜாப்புக்காக டேங்க் முழுவதையும் மாற்ற முடியாது என்பதால், கார்பைடு வந்தால் நாங்கள் இடிஎம் பக்கமே அனுப்பிவிடுகிறோம்.