குதி உயர்ந்த செருப்போடு கார் ஓடிப் பார்த்தேன்

யாழ்ப்பாணத்தில் அலுவலக வேலைக்குப் போகும் பெண்களிற் பலர் ஸ்கூட்டியில்தான் போய் வருகிறார்கள். ஸ்கூட்டியில் காலுக்கு வேலை மிகக் குறைவு. இரண்டு பிறேக்கும் கையில் இருப்பதால், நிறுத்தும்போது நிலத்தில் ஊன்றுவதற்கு மட்டுமே கால் தேவைப்படுகிறது. நானும் பல ஆண்டுகள் சேலையும் குதி உயர்ந்த செருப்புமாக அப்படியே நகரத்துக்குப் போய் வந்தவள். பழைய ஜப்பான் கார் ஒன்றை வாங்கிய பிறகுதான், காலில் என்ன போடுகிறோம் என்பது வண்டி ஓட்டத்தின் ஒரு பகுதியாக மாறியது. அந்தக் காரில் கியரைக் கையால்தான் மாற்ற வேண்டும். எனவே இரண்டு கால்களும் ஓயாமல் வேலை செய்ய வேண்டும்.

சாரதி அனுமதிப்பத்திரம் எடுத்த கதையை நீட்டத் தேவையில்லை. மருத்துவச் சான்றிதழ், எழுத்துப் பரீட்சை, பயிலுனர் அனுமதிப்பத்திரம், வண்டியின் முன்னும் பின்னும் ‘எல்’ பலகை, கடைசியில் ட்ரையல் எனப்படும் ஓட்டப் பரீட்சை என்று எல்லோரும் போகிற வழியால்தான் நானும் போனேன். பழக்கிய மாஸ்டர் மிகவும் பொறுமையானவர். ஆனால் செருப்பு விடயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்கமாட்டார். தட்டையாக, குதிக்குப் பின்னால் வார் உள்ளதாக இருக்க வேண்டும் என்பார். “பிள்ளை, குதி நிலத்தில ஊண்டி நிண்டாத்தான் முன்பாதம் சொன்னபடி கேக்கும்” என்று அவர் சொன்னதை அப்போது நான் பயிற்சிக் காலத்துக்குரிய கட்டுப்பாடு என்றே எடுத்துக்கொண்டேன். ட்ரையல் முடிந்து, சொந்தக் காரில் அலுவலகம் போகத் தொடங்கவேண்டிய நாள் நெருங்கியபோது, குதி உயர்ந்த செருப்போடு ஓடலாமா, எவ்வளவு உயரம் வரை ஓடலாம், எந்த வகை ஆகாது என்பதை வீதியில் இறங்குவதற்கு முன்னரே பார்த்துவிட வேண்டும் என்று தோன்றியது.

உறவுகளிடம் கேட்டால் ஆளுக்கொரு பதில் வந்தது. நான் உயரம் குறைந்தவள் என்பதால், ஹீல்ஸ் போட்டால் பெடல் நன்றாக எட்டும் என்று மச்சாள் ஒருத்தி உறுதியாகச் சொன்னாள். இலண்டனில் இருக்கும் ஒன்றுவிட்ட அக்கா, அங்கே ஹீல்ஸ் போட்டு ஓடக்கூடாது என்று தனியான தடை எதுவும் இல்லை என்றும், ஆனால் பிரித்தானிய நெடுஞ்சாலை விதிக்கோவையின் 97ஆம் விதி, வண்டியின் கட்டுப்பாட்டுக் கருவிகளைச் சரியான முறையில் இயக்குவதற்கு உடையோ காலணியோ இடைஞ்சலாக இருக்கக்கூடாது என்று சொல்வதாகவும் விளக்கினார். எனக்குப் பிடித்தது இந்தப் பதில்தான். செருப்பின் பெயரைப் பார்க்காமல், அது காலை என்ன செய்கிறது என்று பார்க்கச் சொல்லும் விதி அது.

ஊர்ச் சனசமூக நிலையத்தின் விளையாட்டு மைதானம் ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் வெறுமையாகக் கிடக்கும். அனுமதி கேட்டுக்கொண்டு, தம்பியை இடப்பக்க இருக்கையில் ஏற்றி, வீட்டில் இருந்த எல்லாச் செருப்புகளையும் ஒரு உரப்பையில் போட்டுக்கொண்டு போனோம். நிறுத்த வேண்டிய இடத்துக்கு அடையாளமாகத் தம்பி பிளாஸ்ரிக் வாளிகளை வைத்தான். வேகமாக ஓடவில்லை, இரண்டாம் கியருக்கு மேல் அங்கு தேவையும் இல்லை.

முதலில் ஊசி போன்ற மெல்லிய குதியுள்ள செருப்பு. ஏறக்குறைய மூன்று அங்குல உயரம். தட்டையான செருப்பில் ஓடும்போது வலக்குதி தரையில் ஊன்றியிருக்கும். அதை அச்சாக வைத்துக்கொண்டு முன்பாதம் அக்சிலேற்றரிலிருந்து பிறேக்குக்குத் திரும்பும். மெல்லிய குதியில் அந்த அச்சு ஒரு விரல் நுனி அளவுக்குச் சுருங்கிவிடுகிறது, அதுவும் என் சொந்தக் குதிக்கு மூன்று அங்குலம் கீழே போய்விடுகிறது. பாதத்தைத் திருப்பினால் அந்த நுனி ஒன்றில் வழுக்கும், அல்லது கால்விரிப்பில் குத்திக்கொண்டு நிற்கும். இரண்டும் வேண்டாம் என்று முழுக்காலையும் தூக்கி வைத்தால், கணுக்காலால் செய்யவேண்டிய நுணுக்கமான வேலையைத் தொடை செய்ய நேர்கிறது. தொடைக்கு அவ்வளவு நளினம் தெரியாது. மெல்ல மிதிக்கிறேன் என்று நான் நினைத்த இடத்தில் கார் தலைகுத்தி நின்றது. “அக்கா, முகத்தைக் கொண்டுபோய்க் கண்ணாடியில அடிக்கப் போறன்” என்று தம்பி பட்டியை இழுத்துச் சரிசெய்தான்.

அக்சிலேற்றரில் இன்னொரு சிக்கலும் தெரிந்தது. குதி உயர்ந்திருப்பதால் பாதம் ஏற்கெனவே முன்னோக்கிச் சாய்ந்து, தானாகவே பெடலை அழுத்தப் பார்க்கிறது. மெதுவாக ஓடவேண்டுமானால் பாதத்தை மேல்நோக்கி இழுத்துப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். சிறிது நேரத்தில் முழங்காலுக்குக் கீழே முன்பக்கத் தசை கடுக்கத் தொடங்குகிறது. அந்தக் கடுப்பைத் தவிர்க்க மனித உடல் தானாகவே செய்கிற காரியம், இருக்கையை ஒரு பல் பின்னுக்குத் தள்ளிக்கொள்வது. அதற்குப் பிறகு அக்சிலேற்றர் சுகமாக இருக்கும், ஆனால் கிளச்சைத் தரைவரை மிதிப்பதற்கும் பிறேக்கை முழுப் பலத்தோடு அழுத்துவதற்கும் முழங்கால் நீண்டுவிடும். நீண்ட முழங்காலில் பலம் இல்லை. இந்த ஒரு பல் நகர்வை நான் அன்று கவனித்திராவிட்டால், என்றைக்கும் கவனித்திருக்கமாட்டேன். ஏனென்றால் அது வசதிக்காகச் செய்யும் மாற்றம், யாரும் அதில் ஆபத்தைத் தேடமாட்டார்கள்.

மச்சாளின் வாதத்துக்கும் அங்கேயே விடை கிடைத்தது. பெடலைத் தொடுவது முன்பாதம், உயர்த்தப்படுவது குதி. குதியை மட்டும் உயர்த்துவதால் முன்பாதம் நீளப் போவதில்லை. எட்டாத கால்களுக்குச் செய்யவேண்டியது இருக்கையை முன்னே இழுப்பதும், உயரம் போதாவிட்டால் இருக்கையில் உறுதியான மெத்தை ஒன்று வைப்பதும்தான். அதேவேளை காற்றுப்பை உள்ள ஸ்ரியறிங்குக்கும் நெஞ்சுக்கும் இடையில் குறைந்தது 25 சென்ரிமீற்றர் இருக்கும்படியும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஆப்பு வடிவில் அடி முழுவதும் தடித்த செருப்பு, ஊசிக் குதியை விடப் பாதுகாப்பாக இருக்கும் என்று எதிர்பார்த்தேன். அது வழுக்கவில்லை, எதிலும் சிக்கவும் இல்லை. ஆனால் பெடல் எங்கே தொடங்குகிறது என்பதே காலுக்குத் தெரியவில்லை. கிளச் பிடிக்கிற இடத்தில் வரும் அந்தச் சின்ன அதிர்வு அடித்தடிப்புக்குள்ளேயே மறைந்துபோனது. காரும் நின்று நின்று போனது. அகலக் கட்டைக் குதி, ஒன்றரை அங்குலம், பின்வாருடன்: இது எவ்வளவோ பரவாயில்லை, அவசரத்துக்கு ஓடலாம்.

உரப்பையின் அடியில் கிடந்த இறப்பர் செருப்புத்தான் எல்லாவற்றையும்விட மோசமாக நடந்துகொண்டது. பின்வார் இல்லாததால் பாதத்தைப் பின்னுக்கு எடுக்கும்போது செருப்பு முன்னாலேயே தங்கிவிடுகிறது; ஒருமுறை அதன் முனை மடிந்து பிறேக் பெடலின் கீழே போய் நின்றதைக் குனிந்து பார்த்தபோது தம்பியின் முகமே மாறிவிட்டது, ஏனென்றால் அவனும் அதே செருப்போடுதான் தினமும் ஓடுகிறவன். ஊரில் பாதிப் பேர் இறப்பர் செருப்போடு வான் ஓடுகிறார்கள்; அதை யாரும் ஒரு கதையாக எடுப்பதில்லை. ஒரு பெண் ஹீல்ஸோடு காரில் ஏறினால் மட்டும் சந்தியில் நிற்கிறவர்கள் எல்லோரும் வீதிப் பாதுகாப்பு நிபுணர்களாகிவிடுகிறார்கள். இரண்டையும் ஓடிப் பார்த்தவள் என்ற முறையில், தேர்ந்தெடுக்கச் சொன்னால் கட்டைக் குதியைத்தான் எடுப்பேன்.

வெறுங்கால் நன்றாகவே இருந்தது, பெடலின் ஒவ்வொரு அசைவும் காலுக்குத் தெரிந்தது. ஆனால் வாளிக்கு முன்னால் சடுதியாக நிறுத்தும் பயிற்சியில், முழுப் பலத்தையும் உள்ளங்காலின் ஒரு சிறு பகுதியில் ஏற்றவேண்டியிருந்ததால் கால் தானாகவே தயங்கியது. நல்லூர்த் திருவிழாக் காலத்தில் மணலில் நடந்துவிட்டு அப்படியே காரில் ஏறுகிறவர்களுக்கு, ஈரமும் மணலும் சேர்ந்த உள்ளங்கால் பெடலில் எப்படி வழுக்கும் என்று தெரிந்திருக்கும். கடைசியாகத் தட்டையான, மெல்லிய அடியுள்ள கன்வஸ் சப்பாத்து. அதைப் பற்றி எழுத ஒன்றுமே இல்லை, அதுவே அதன் சிறப்பு.

இந்தத் தயக்கங்களுக்கு வீதியில் என்ன விலை என்று அன்றிரவு கணக்குப் பார்த்தேன். மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்தில் போகிற கார் ஒரு செக்கனில் ஏறத்தாழ 14 மீற்றர் போகிறது. குதி சிக்கி அரைச் செக்கன் பிந்தினால் 7 மீற்றர். காங்கேசன்துறை வீதியில் பாடசாலை விடும் நேரத்தில் ஒன்றன்பின் ஒன்றாகப் போகும் நான்கு சைக்கிள்களின் நீளம் அது.

யாழ்ப்பாணம் சமதரை, மேட்டில் வண்டியை எடுக்கும் தொல்லை இங்கே இல்லை என்று வெளியூரார் நினைப்பார்கள். எங்களுக்கு மேடு என்றால் ரயில் கடவைதான். 2014இல் யாழ்ப்பாணம் வரையும் 2015இல் காங்கேசன்துறை வரையும் ரயில் மறுபடி ஓடத் தொடங்கியபின், கொக்குவில், கோண்டாவில், இணுவில் பக்கத்து ஒழுங்கைகளால் வருகிறவர்கள் ஒவ்வொரு நாளும் தண்டவாளத்தைக் கடக்க வேண்டும். ஒழுங்கை ஒடுக்கம், இருபுறமும் மதில், கடவைக்கு ஏறும் இடத்தில் சிறிய ஏற்றம், முன்னே ஒரு லான்ட்மாஸ்ரர் (இருசில்லு உழவு இயந்திரம்), பின்னே ஒட்டிக்கொண்டு ஒரு ஓட்டோ. அந்த ஏற்றத்தில் நின்று எடுக்கும்போது, கிளச்சை அரைவாசியில் நிறுத்தி மயிரிழையாக விடவேண்டும். கிளச்சை மிதிப்பதற்கு ஹீல்ஸ் பெரிய தடையில்லை, அது முழுக்காலால் செய்யும் வேலை. விடும்போதுதான் இடக்குதி தரையில் ஊன்றி நிற்க வேண்டும். ஊசிக் குதியோடு அந்த இடத்தில் கார் நின்றுபோனால், நிற்கிற இடம் தண்டவாளமாக இருக்கக்கூடும். கன்வஸ் சப்பாத்தோடுதான் வீதியில் ஓடுவது என்று நான் முடிவெடுத்ததற்கு மைதானத்தில் பார்த்த எதையும்விட இந்தக் கடவையே காரணம்.

சேலையைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்கள் ஊரில் குதி உயர்ந்த செருப்பு பெரும்பாலும் சேலையோடுதான் வருகிறது. ஹீல்ஸின் உயரத்துக்கு அளவாகக் கட்டிய சேலை, தட்டைச் சப்பாத்துக்கு மாறியவுடன் நிலத்தில் தவழும். தவழும் கொசுவம் நேராகக் கிளச்சுக்கும் பாதத்துக்கும் நடுவில் போய்ச் சேரும். நான் ஏறியவுடன் கொசுவத்தின் கீழ்ப்பகுதியைச் சேர்த்து எடுத்து, முழங்காலுக்கு மேலாக மடித்து, ஒரு துணி கிளிப் போட்டுவிடுகிறேன். பார்க்க அழகாக இராது, ஆனால் கண்ணாடிக்குள் இருப்பது யாருக்குத் தெரியப்போகிறது.

பழக்கம் நிலைத்துப்போன பிறகும் சில விடயங்கள் மெல்ல மெல்லத்தான் பிடிபட்டன. இருக்கையைச் சரிசெய்வதற்கு முன் சப்பாத்தை மாற்ற வேண்டும், பின்னர் அல்ல. கழற்றிய ஹீல்ஸைச் சாரதி இருக்கையின் கீழே ஒருபோதும் வைக்கக்கூடாது. பிறேக் பிடித்தால் அது முன்னுக்கு உருண்டு வந்து பெடலுக்குப் பின்னால் நிற்கும். கால்விரிப்பைத் தரையிலுள்ள கொளுக்கியில் மாட்ட வேண்டும், ஒன்றின்மேல் ஒன்றாகப் போடக்கூடாது. 2009இல் டொயோட்டா நிறுவனம் அமெரிக்காவில் இலட்சக்கணக்கான கார்களை மீள அழைக்க நேர்ந்தது, விரிப்பு நகர்ந்து அக்சிலேற்றரைச் சிக்கவைக்கக்கூடும் என்பதால்தான். எனக்கு முன் இந்தக் காரை வைத்திருந்தவரும் ஹீல்ஸோடு ஓடியிருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்: பழைய விரிப்பில், அக்சிலேற்றருக்கு நேர் கீழே, இறப்பர் தேய்ந்து ஒரு ரூபாய்க் குற்றி அளவில் குழி விழுந்து, அதன் அடியில் வெள்ளைத் துணி இழை தெரிந்தது. குதி சிக்குவதற்கு அதைவிடப் பொருத்தமான பொறி வேறில்லை. விரிப்பை மாற்றிவிட்டேன்.

குதி உயர்ந்த காலணியைப் பழைய பாரசீகத்தில் குதிரை வீரர்கள் அணிந்தார்கள், சேணத்திலிருந்து தொங்கும் அங்கவடியில் பாதம் சிக்கென்று பிடித்து நிற்பதற்காக. குதிரையைச் செலுத்துவதற்கென்றே பிறந்த செருப்பு, பெடல் வந்தபின் உதவாமற் போனது அதன் குற்றமல்ல.

அண்மையில் அலுவலகத்தில் என்னோடு வேலை செய்யும் தங்கை ஒருத்தி ஓட்டோமற்றிக் கார் வாங்கினாள். கிளச் இல்லைத்தானே அக்கா, எனக்கு இந்தச் சோலி தேவையில்லைத்தானே என்று கேட்டாள். இடக்காலுக்குத் தேவையில்லை, வலக்காலுக்கு எதுவும் மாறவில்லை என்று சொல்லி, அவளையும் அதே மைதானத்துக்குக் கூட்டிப்போய் வாளிக்கு முன்னால் நிறுத்திப் பார்க்க வைத்தேன். இப்போது அவளும் ஒரு சோடி தட்டைச் சப்பாத்துக் கொண்டு போகிறாள். அவளுடைய காரில் கதவுப் பை மிகச் சிறியது, ஹீல்ஸ் அதற்குள் அடங்காது. ஆகவே கழற்றிய ஹீல்ஸை ஒரு துணிப்பையில் போட்டு, வாயைக் கட்டி, இடப்பக்க இருக்கையின் முன்னே தரையில் வைக்கச் சொல்லியிருக்கிறேன். அந்த இருக்கையில் ஆள் ஏறினால் பை பின்னிருக்கைக்குப் போக வேண்டும்.