‘பயிற்சி அளிக்கப்பட்டது’: யார், யாருக்கு, எத்தனை மணி நேரம்?

பலன் தரும் சிகிச்சையை நடைமுறைக்குக் கொண்டுபோவது எப்படி என்று பார்ப்பது செயலாக்க ஆய்வு. அந்தக் கட்டுரை எதைத் திறந்தாலும் முறைகள் பகுதியில் ஒரு வரி தவறாமல் கிடக்கும்: ‘பணியாளர்களுக்குப் பயிற்சி அளிக்கப்பட்டது.’ செயப்பாட்டுவினை இருக்கிறதே, செய்தவரை அப்படியே மறைத்துவிடும். அடுத்த மாவட்டத்தில் அதையே செய்து பார்க்க நினைப்பவருக்கு இந்த வரியால் ஒரு பயனும் இல்லை.

இத்தகைய ஆய்வுகளை எப்படி எழுதுவது என்று சொல்லும், 2017-ல் வந்த ஸ்டாரி (StaRI) வழிகாட்டியில் 27 அம்சங்கள் உண்டு. அதன் உயிர்நாடி ஒன்றுதான்: நோயாளிக்குக் கொடுப்பது என்ன, அது நடக்க நாம் செய்தது என்ன, இரண்டையும் தனித்தனியாக எழுது.

2022 ஏப்ரலில் தொடங்கிய தமிழ்நாடு காசநோய் இறப்பில்லாத் திட்டத்தையே பாருங்கள். காசநோய் உறுதியானவரின் பிஎம்ஐ (உயரத்துக்கேற்ற எடைக் குறியீடு), கால்வீக்கம், மூச்சு எண்ணிக்கை, ஆக்சிஜன் அளவு, பிடிமானமின்றி நிற்க முடிகிறதா ஆகிய ஐந்தையும் பார்த்து, நிலை மோசமானவரை மருத்துவமனையில் சேர்ப்பது தலையீடு. ஊழியரைப் பழக்குவது, கருவி கிடைக்கச் செய்வது, எண்ணிக்கையைத் தொடர்ந்து கண்காணிப்பது போன்றவை செயலாக்க உத்தி. முதலாவதற்கு அளவுகோல் இறப்பு. இரண்டாவதற்கு, எத்தனை பேர் பரிசோதிக்கப்பட்டார்கள், மோசமானவர்களில் எத்தனை பேர் படுக்கை வரை போனார்கள் என்பது. இரண்டையும் ஒரே பத்தியில் குழைத்துவிட்டால், இறப்பு குறையாதபோது சிகிச்சை போதவில்லையா, சிகிச்சையே போய்ச் சேரவில்லையா என்று யாராலும் சொல்ல முடியாது.

சரி, அந்தப் பயிற்சி வரியைத் திருத்துவோம் (விவரங்கள் மாதிரிக்குத்தான்): ‘வட்டார மேற்பார்வையாளர், சுகாதார நிலையத்துக்கு இரண்டு செவிலியர் வீதம், தொடங்குவதற்கு முந்தைய வாரம் 3 மணி நேரம் பயிற்சி தந்தார், ஒவ்வொருவரும் 5 நோயாளிகளுக்கு முழு நிமிடம் மூச்சை எண்ணிக் காட்டினர், மூன்றாம் மாதம் 1 மணி நேர மறுபயிற்சி.’ யார், யாருக்கு, எதை, எப்போது, எவ்வளவு என்ற ஐந்தும் வந்துவிட்டன. எதை மாற்றுவதற்காக, ஏன் இந்த வழி என்ற இரண்டையும் அடுத்த வரியில் சேர்த்துவிடுங்கள்.

‘முழு நிமிடம்’ என்பதை வெட்டிவிடாதீர்கள். 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்கினால் 20, 24, 28 என்றுதான் விடை வரும். வரம்பு 24-க்கு மேல் என்று வைத்தால், ஒரு மூச்சைக் கூடுதலாக எண்ணியதே ஒருவரை வரம்புக்கு மேலே தள்ளிவிடும். முழு நிமிடம் எண்ணியவர்கள் எத்தனை பேர் என்று எழுதுவதுதான் நெறிபிறழாமைக்கான, அதாவது திட்டமிட்டபடியே செய்தார்களா என்பதற்கான, கணக்கு. ‘நெறிமுறை பின்பற்றப்பட்டது’ என்பது கணக்கு ஆகாது.

அதிகம் ஏமாற்றுவது வகுக்கும் எண். 50 நிலையங்களை அழைத்து, 30 சேர்ந்து, அவற்றில் 80% நோயாளிகள் பரிசோதிக்கப்பட்டால், கட்டுரைச் சுருக்கத்தில் ‘80%’ என்று பளிச்சிடும். நிலையங்களில் நோயாளி எண்ணிக்கை சமமென்றால் மொத்தத்தில் அது 48%தான். இரண்டையும் போடுங்கள். சேராத 20 நிலையங்களைப் பற்றிய அட்டவணை கட்டுரையிலேயே பயனுள்ள பக்கமாக இருக்கக்கூடும். ஆனால் அதைத்தான் முதலில் வெட்டுகிறார்கள்.

சூழலைப் பற்றி ‘கிராமப்புற நிலையங்கள்’ என்று எழுதினால் போதாது. காலிப் பணியிடம் எத்தனை, ஆக்சிமீட்டர் முன்பே இருந்ததா, படுக்கையுள்ள மருத்துவமனை எத்தனை கிலோமீட்டர் என்பவை வேண்டும். செலவையும் விட்டுவிடாதீர்கள்; ஊழியர் நேரமும் செலவுதான்.

நடுவழியில் செய்த மாற்றங்களை மறைப்பவர்கள் உண்டு. எடைக் கருவி பழுதாகி, சில வாரம் பிஎம்ஐ இல்லாமல் நடந்திருந்தால், எந்த வாரம், யார் முடிவெடுத்தார், எத்தனை பேர் விடுபட்டார்கள் என்று தேதியோடு குறியுங்கள். இதற்கு ஆய்வின் முதல் நாளிலிருந்தே ஒரு நோட்டு வேண்டும். கட்டுரை எழுதும்போது நினைவிலிருந்து எடுத்தால் தேதிகள் எல்லாம் வசதியான இடத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

பின்னிணைப்பில், பரிசோதிக்கும்போது செவிலியர் கையில் இருந்த குறிப்பு அட்டையையே, இருந்த மொழியிலேயே, வைத்துவிடுங்கள். ஆங்கிலத்துக்கு மாற்றி அழகுபடுத்திய பிரதி வேறொரு அட்டை.