துக்கமும் நிம்மதியும் ஒரே வரியில்

ஒரு கதைக் காட்சி: அண்ணன் இறந்த வீட்டில் தம்பிக்குத் துக்கம். அவரிடம் வாங்கிய கடன் தொலைந்த நிம்மதியும்கூட. இரண்டையும் பெயர் சொல்லி எழுதினால் வாசகருக்குக் கண்டுபிடிக்க எதுவும் மிஞ்சாது. செயலில் வையுங்கள்: வேட்டி எடுக்க அண்ணனின் பீரோவைத் திறந்தவன், தான் எழுதிக் கொடுத்த புரோநோட்டு (கடன் சீட்டு) இருக்கும் உறையைத் துணிகளுக்கு அடியில் தள்ளிவிட்டு, வேட்டியை முகர்ந்து பார்க்கிறான். இப்படி ஒரு செயல் போதும். மூன்று அடுக்கினால் வெறும் கபடனாகிவிடுவான், அது அநியாயம்.

வசனத்தில் நேர்பதில் வேண்டாம். "சாப்பிட்டியாப்பா?" என்று அத்தை கேட்டால், "நாற்காலி பத்தல அத்தை" என்பான். உடனே "பேச்சை மாற்றினான்" என்று விளக்கம் சேர்ப்பதுதான் வழக்கமாக நடக்கும் கெடுதல். திருத்தும்போது அந்த வரியையும், யாருக்கும் பொருந்துகிற பெருமூச்சு, படபடப்பையும் வெட்டிவிடுங்கள்.